எலும்பு என்று சொன்னவர்கள்

காலை. திருவக்கரை கல்மரப் பூங்காவில் என்னைத் தவிர யாருமில்லை. செம்மண்ணில் முட்புதர்களுக்கு நடுவே அடிமரங்கள் படுத்துக் கிடக்கின்றன. தொட்டால் கல். கண்ணுக்கு மரம்: பட்டை வரி, கணு, வெட்டுவாயில் வளையங்கள்.

வயது 2 கோடி ஆண்டுகள். எங்கிருந்தோ வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்த மரங்கள் இவை. கிளையும் வேரும் வழியிலேயே போய்விட்டன. காற்றுப் படாததால் மக்கவில்லை. மணலில் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா ஒவ்வொரு நுண்ணறையிலும் புகுந்து, மரம் இருந்த இடத்தில் அதே வடிவில் உறைந்தது. மரம் துளித்துளியாக விலக, கல் துளித்துளியாக வந்து அமர்ந்திருக்கிறது. எந்தக் கணத்தில் இது மரமாக இல்லாமல் போயிற்று? வெகுநேரம் அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருந்தேன். சில மரங்கள் புளியங்குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் சாலையோரப் புளியமரங்களுக்கு மூத்த உறவு.

*

ஊர்க்கதையில் இவை வக்கிராசுரனின் எலும்புகள். வரம் பெற்றுத் தேவர்களை வதைத்தவனைத் திருமால் கொன்றார். அவன் தங்கை துன்முகியைக் காளி வதம் செய்தாள். துன்முகி அப்போது கர்ப்பிணி. வயிற்றுச் சிசுவை எடுத்துத் தன் காதில் குண்டலமாக அணிந்துகொண்டாள் காளி. கோபத்தின் உச்சியிலும் பிள்ளையை மறக்காத அந்த இடம்தான் எனக்கு இக்கதையின் உயிர். ஊர்க்கோயிலில் வக்கிரகாளி சந்நிதியில் நின்றபோது கண் காதுப் பக்கமே போயிற்று.

பக்கத்தில் சந்திரமௌலீசுவரர், மூன்று முகங்கள் கொண்ட லிங்கம். சம்பந்தர் பாடிய தலம். கோபுரமும் கொடிமரமும் நந்தியும் மூலவருக்கு நேர்க்கோட்டில் இல்லை. வக்கிரம் என்றால் வளைவு என்று அங்கேதான் நினைவு வந்தது.

*

பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னரா இந்த மரங்களைப் பற்றி எழுதியது பதினெட்டாம் நூற்றாண்டில். ஊர்க்கதையைச் சொன்னவர்களோ சிலிக்கா என்ற சொல்லே தெரியாத மனிதர்கள்; இந்தத் துண்டுகளைப் பார்த்து எலும்பு என்றார்கள். வெறும் பாறை என்று கடந்து போயிருக்கலாம். போகவில்லை. ஒரு காலத்தில் இது உயிரோடு இருந்தது, பிறகு விழுந்தது, விழுந்தபின் இப்படி இறுகிப்போனது என்று கண்டுகொண்டார்கள். மரம் அசுரனானது கற்பனை. உயிர் இருந்தது என்பது உண்மை. அந்த உண்மையை அவர்கள் கண்ணால் மட்டுமே பார்த்து எட்டியிருக்கிறார்கள். அவர்களை வணங்கத் தோன்றுகிறது.

பூங்காவில் பலகை இருக்கிறது, ஆண்டுக்கணக்கு இருக்கிறது. இந்தக் கதையையும் அதே பலகையில், அதே மரியாதையோடு எழுதிவைக்க வேண்டும்.

*

1940-இல் அமைக்கப்பட்ட தேசியக் கல்மரப் பூங்கா இது. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் பாதுகாக்கிறது. ஒன்பது பகுதிகள், மொத்தம் 247 ஏக்கர். வேலி எல்லா இடத்திலும் காவலாகிவிடாது. கைக்கு அடங்கும் சில்லுகள் காலடியிலேயே கிடக்கின்றன. குனியத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

வக்கிரகாளி கோயிலில் பௌர்ணமி நள்ளிரவு ஜோதி தரிசனத்துக்கு வருகிறவர்களே, விடிந்ததும் இங்கேயும் ஒருமுறை வாருங்கள். பிள்ளைகளுக்கு இரண்டு கதைகளையும் சொல்லுங்கள். ஒரு சில்லைக்கூட எடுத்துப் போகாதீர்கள்.