உயிரில்லாப் பொருள்மேல் எழும் சினம்

குரோதம், மானம், மாயை, உலோபம் என்னும் நான்கு கஷாயங்களைப் பற்றியும் அவை உயிருக்கு விளைக்கும் கேட்டைப் பற்றியும் நாம் இளமை முதலே கேட்டு வருகிறோம். ஆயினும் சினத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எதிரில் ஒரு மனிதரை நிறுத்தியே பேசுகிறோம். அயலார் வரப்பைத் தள்ளினார், பங்காளி பாகத்தைக் குறைத்தார், ஆகவே சினம் பிறந்தது என்கிறோம். எதிரில் மனிதரும் இல்லை, விலங்கும் இல்லை, ஓரறிவுயிர்கூட இல்லை என்னும் இடத்தில் எழும் சினத்தை என்னவென்று கொள்வது? வெறும் புத்கலப் பொருளை ஏசுவதும் தட்டுவதும் இம்சையில் சேருமா? நோவதற்கு அங்கே யாரும் இல்லையே!

முன்பெல்லாம் இக்கேள்வி அரிதாகவே எழுந்தது. திறவாத பூட்டு, ஓடாத கடிகாரம் என்று சில பொருள்களே நம்மைச் சோதித்தன. இன்று வீட்டுக்கு வீடு கணிப்பொறி வந்துவிட்டது. தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அக்கணினிகளில் இடம்பெற்றது. நாஞ்சில் நாட்டுச் சிற்றூர்களிலும் லினக்ஸ் என்னும் பெயர் அவ்வாறு நுழைந்தது. விலை கொடுத்து வாங்கும் இயங்குதளத்தை விடுத்து இதனையே விரும்பி அமைத்துக்கொண்டோரும் உண்டு.

இதன் வரலாற்றில் நம் கேள்விக்குத் தொடர்புடைய ஒரு செய்தி இருக்கிறது. பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டு 25 அன்று தம் முயற்சியை அறிவித்தார். மறு ஆண்டே யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் பொது உரிமத்தின் கீழ் அது வந்தது. பல நாட்டார் அதில் உழைத்திருக்கின்றனர். ஊதியம் கருதாது உழைத்தோரும் அவர்களுள் பலர். அவ்வுரிமத்தில் இன்னொன்றும் எழுதப்பட்டிருக்கிறது: இதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை. அதாவது பழுது நேர்ந்தால் முறையிட ஆளில்லை. உலகைப் படைத்தவன் ஒருவன் இருக்கிறான், அவன் வாயிலில் போய் முறையிடலாம் என்னும் வசதி நம் அறத்திலும் இல்லை அன்றோ! லினக்ஸைக் கையாளும் இல்லறத்தார் படும் துன்பத்தில் பாதி இவ்விடத்தில்தான் பிறக்கிறது. குற்றம் சாட்ட ஒருவர் கிடைத்தால் மனம் ஆறும். ஒருவரும் கிடைக்காதபோது சினம் இடம் தேடி அலைகிறது.

பழுதுகளின் வகையையும் சிறிது கூறுவோம். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் மின்சாரம் நின்றுவிடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. கணிப்பொறி எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் அறுந்தால், மீண்டும் இயக்கும்போது தன் வட்டினைத் தானே சோதிக்கத் தொடங்கும். சில சமயம் வழக்கமான திரை வாராமல், கரிய திரையில் ஆங்கில வரிகள் மட்டும் நிற்கும். ஒலி வாராமை, அச்சுப்பொறியை அடையாளம் காணாமை போன்றவை வேறு.

தமிழ் எழுதுவோர்க்கு இவை எல்லாவற்றினும் பெரிய துன்பம் எழுத்துருவினால் வருவது. யூனிகோடு பரவுவதற்கு முன்பு, கோப்பில் எண்களே இருந்தன; அவற்றைத் தமிழெழுத்தாகக் காட்டியது எழுத்துரு. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. 2010-இல் யூனிகோடு முறையை ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வோர் அச்சகமும் ஒவ்வோர் எழுத்துருவைக் கையாண்டது. அக்காலத்தில் தட்டெழுதிய கட்டுரையை இன்று லினக்ஸ் கணிப்பொறியில் திறந்தால், உரிய எழுத்துரு இல்லாமையால் ரோமன் எழுத்துகளும் புரியாத குறிகளும் கலந்து தோன்றும். காண்போர், கோப்பு கெட்டுவிட்டது, இந்த லினக்ஸ் அழித்துவிட்டது என்று பதறுவர். கோப்பு கெடவில்லை. அதில் ஓர் எண்கூட மாறவில்லை.

மார்த்தாண்டத்துக்கு அண்மையிலுள்ள சிதறால் மலைக்குச் சென்று வந்தோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். நம் முன்னோர் திருச்சாரணத்து மலை என்று போற்றிய தலம் அது. தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசையாக நிற்கும் அப்பாறையில் வட்டெழுத்துக் கல்வெட்டும் உண்டு. ஆய் வேந்தன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குரத்தி என்னும் பெண் துறவி அங்குள்ள பட்டாரியார்க்குப் பொன் அணி அளித்ததை அது கூறுகிறது. மலையேறுவோரில் பெரும்பாலார்க்கு அது வெறும் கீறலாகவே தோன்றும். கல்லின்மேல் சினம் கொள்வார் எவரேனும் உண்டோ? நமக்கு வட்டெழுத்துத் தெரியாது என்று அடக்கமாகவே இறங்கி வருகிறோம். மறைப்பு நம் அறிவின்மேல் உள்ளது, கல்லின்மேல் இல்லை. இதனை ஞானாவரணீயம் என்னும் சொல்லால் நன்கு அறிந்த நாம், மலையில் காட்டும் அடக்கத்தை வீட்டு மேசையில் ஏன் காட்டுவதில்லை? மலையில் நமக்கு அவசரமில்லை. கற்றவர் என்னும் பெயருக்கும் அங்கே இழுக்கில்லை. வீட்டிலோ பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். அறியாமை மட்டும் சினத்தைப் பெறுவதில்லை; மானம் அதனோடு சேரும்போதே பெறுகிறது என்பது நம் கருத்து.

இனி முதற் கேள்விக்கு வருவோம். இம்சையைத் திரவிய இம்சை, பாவ இம்சை என இரண்டாகப் பகுப்பது நம் ஆகம மரபு. அமிர்தசந்திர ஆசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதனை விரிவாக ஆராய்கிறார். கஷாயத்தின் வயப்பட்டவன் பிற உயிர்க்குத் தீங்கு நேர்ந்தாலும் நேராவிட்டாலும் முதலில் தன்னுயிரையே நலிவிக்கிறான் என்பது அவர் முடிபு. அங்ஙனமாயின் நோவதற்கு அங்கே யாரும் இல்லை என்பது பொருந்தாது. மேசைக்கு முன் அமர்ந்திருக்கும் ஓருயிர் இருக்கவே செய்கிறது.

சிலர் மறுபுறம் சாய்ந்து, எல்லாம் வினைப்பயன், பழுதானால் ஆகட்டும் என்று கணிப்பொறியை மூடி வைத்துவிடுவர். இதனையும் நாம் ஏற்கவில்லை. நிமித்தம் இது, உபாதானம் இது என்று பிரித்தறியச் சொல்லும் அறம், காரணத்தைத் தேடும் உழைப்பிலிருந்து ஒருவரையும் விடுவிக்கவில்லை. பழுது நீக்குவதென்பதும் அத்தகைய தேடலே: ஒன்றை மட்டும் மாற்றுவது, விளைவைப் பார்ப்பது, குறித்து வைப்பது, பிறகே அடுத்ததைத் தொடுவது. சினம் கொண்டவரோ எங்கோ கண்ட கட்டளையைப் பொருளறியாமல் முழு அதிகாரத்துடன் இட்டுவிடுகிறார். லினக்ஸில் அத்தகைய ஒரு வரி சேமித்தவை அனைத்தையும் அழிக்க வல்லது. ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் பார்த்துச் செய்க என்னும் சமிதியை நாம் பாத்திரத்துக்கும் பாய்க்கும் மட்டும் உரியதாகக் கொள்ள வேண்டியதில்லை.

உயிரில்லாப் பொருள்மேல் எழுந்த சினம் அங்கேயே தங்குவதுமில்லை. நாகர்கோவிலில் நாம் அறிந்த ஓர் இல்லத்தில், தந்தையார் பல்லாண்டுகளாகச் சேர்த்த அறவுரைக் குறிப்புகள் மேற்சொன்னவாறே குறிகளாகத் தோன்றின. லினக்ஸை அமைத்தவர் மகன். தசலக்ஷண பர்வம் முடிந்து சில நாள்களே ஆகியிருந்தன. பொழுது சாய்வதற்குள் உணவுக்கு வருமாறு மனைவியார் மும்முறை அழைத்தார். இவர் எழவில்லை. கதிரவன் மறைந்தபின் உணவில்லை என்றாயிற்று. பசியும் சினமும் சேர்ந்து மகன்மேல் பாய்ந்தன. அவன் படிப்பையும் அறிவையும் இகழ்ந்த சொற்கள் அவை; இங்கே எழுதத் தக்கவையல்ல. மறுநாட் காலை மகன் பழைய எழுத்துருவைத் தேடி அமைத்தான். ஒரு மணி நேரத்திற்குள் குறிப்புகள் முழுவதும் தமிழில் தோன்றின.

சினத்தின் தரத்தை நம் ஆசாரியர்கள் நீரிற் கீறிய கோடு, மணலிற் கீறிய கோடு, நிலத்திற் கீறிய கோடு, கல்லிற் கீறிய கோடு என நான்காக்கினர். கோம்மடசாரம் அவற்றின் காலத்தையும் அளந்து கூறுகிறது: முதலாவது அந்தர்முகூர்த்தம், அதாவது நாற்பத்தெட்டு நிமிடத்திற்கும் குறைவு, இரண்டாவது ஒரு பக்ஷம், மூன்றாவது ஆறு மாதம், நான்காவது பிறவிதோறும் தொடர்வது. எழும்போது நான்கும் ஒன்றுபோலவே சுடும். எவ்வளவு காலம் நிற்கிறது என்பதைக்கொண்டே வேறுபாடு தெரியும்.

லினக்ஸ் தன்னுள் நேரும் ஒவ்வொரு பிழையையும் நாளும் நொடியும் குறித்து ஏடாக எழுதி வைக்கிறது. ஆனால் அவ்வேடுகளை என்றும் சுமப்பதில்லை. பல தொகுப்புகளில் வாரந்தோறும் புதிய ஏட்டைத் தொடங்கி, நான்கு வாரத்திற்கு முற்பட்டதைத் தானே அழித்துவிடும் ஏற்பாடு உண்டு. அந்த இல்லத்தில் தந்தையும் மகனும் மீண்டும் பேசியது தீபாவளியன்று, மகாவீரர் நிர்வாண பூசைக்கு விளக்கேற்றிய வேளையில். கணிப்பொறியின் ஏட்டில் அந்த மாலைக்குரிய வரிகள் அதற்கு முன்பே அழிந்துவிட்டிருந்தன.