கொர்பான் என்று சொல்லித் தப்ப முடியாது

தம் பின்னே வந்த திரளான ஜனங்களைத் திரும்பிப் பார்த்து இயேசு சொன்ன ஒரு வார்த்தை லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பெற்றோர், மனைவி, பிள்ளைகள் எல்லாரையும் வெறுக்காவிட்டால் தமக்குச் சீஷனாக முடியாது என்கிறார். இந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு, ஊழியத்தின் பெயரால் வீட்டைக் கைவிட்டவர்கள் உண்டு. மத்தேயு 10-ஆம் அதிகாரத்தில் இதே போதனை, தம்மைவிட அவர்களை அதிகமாய் நேசிக்கக் கூடாது என்று வருகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், அவர் முதலிடத்தைத்தான் கேட்கிறார் என்பது விளங்கும்.

மாற்கு 7-ஆம் அதிகாரம் இதை இன்னும் உறுதியாக்குகிறது. அக்காலத்தில் ஒருவன் தன் பொருளைக் 'கொர்பான்', அதாவது தேவனுக்கென்று நேர்ந்துவிட்டது, என்று சொல்லிவிட்டால் போதும். அவனைப் பெற்றவர்களுக்கு அதிலிருந்து உதவி கிடைக்காது. அதன்பின் அவன் அவர்களுக்கு எதுவும் செய்ய வேதபாரகர் இடம்கொடுக்கவில்லை. இயேசு இதைப் பக்தி என்று மெச்சவில்லை, கடிந்துகொண்டார். காணிக்கையைச் சாக்காக வைத்துப் பெற்றோரைக் கைவிடுவதைப் பொறுக்காதவர், சீஷத்துவத்தைச் சாக்காக வைத்து அதையே செய்தால் மட்டும் பொறுப்பாரா? சீஷரான யாக்கோபும் யோவானும் தகப்பன் செபெதேயுவைப் படகிலேயே விட்டுப் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனார்கள். ஆனால் செபெதேயுவோடு கூலியாட்கள் இருந்ததை மாற்கு மறக்காமல் எழுதுகிறார்; அவர் ஆதரவின்றி விடப்படவில்லை. அதே நாட்களில்தான் இன்னொரு சீஷனான சீமோனின் மாமி காய்ச்சலாய்க் கிடந்த வீட்டுக்குள் இயேசு போய், அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். சிலுவையில் தொங்கும்போதும் தம் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைத்தார்.

அப்படியானால் சீஷனுக்கு இழப்பே இல்லையா? உண்டு, பெரிய இழப்பு உண்டு. கி.பி. 203-இல் கிறிஸ்தவ விசுவாசத்துக்காகக் கார்த்தேஜ் நகரச் சிறையில் இருந்த பெர்பெத்துவா, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் இளந்தாய். தகப்பன் தம் நரைத்த தலைக்காவது இரங்கச் சொல்லி, அவள் கைகளை முத்தமிட்டு, காலில் விழுந்து கெஞ்சினார். விசுவாசத்தை விட அவள் இசையவில்லை. ஆனால் ஆளுநர் உத்தரவால் தகப்பன் அடிபட்டபோது, தானே அடிபட்டதுபோல் துடித்ததாக அவளுடைய சிறைக்குறிப்பு சொல்கிறது. வீட்டாரே கிறிஸ்துவை விடச் சொல்லும்போது அவள் நின்றதுபோல் நிற்கத்தான் வேண்டும். நம்மில் பலருக்கு அந்தச் சோதனை வரவில்லை. ஆகவே, ஜெபக்கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று, படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு மருந்து கொடுக்காமல் கிளம்பாதீர்கள். கொடுத்துவிட்டு வாருங்கள்.