உறக்கத்தில் உரைத்த சொல்

உறக்கத்தில் வாய்விட்டுப் பேசுவோர் நம் இல்லங்களில் பலர் உளர். குழந்தை பேசினால் நகைக்கிறோம். மாமியார் உறக்கத்தில் மருமகளை ஏசினாலோ, விடியலில் வீடே கனத்துவிடுகிறது. "உள்ளே இருப்பதுதானே வெளியே வரும்" என்பர். அச்சொல்லின் வினை யாரைச் சாரும்?

நம் ஆசாரியர்கள் இதனை நுணுகி நோக்கியுள்ளனர். தரிசனாவரணீய வினையின் 9 வகைகளுள் 5 உறக்கம் பற்றியவை. அவற்றுள் ஸ்த்யானக்ருத்தி உதயமானால் ஒருவன் எழுப்பிவிட்டாலும் உறங்குவான். உறங்கியவாறே தொழில் செய்வான், பேசவும் செய்வான் என்று கோம்மடசாரம் கூறுகிறது. எனவே அப்பேச்சு முன்வினையின் உதயம். கருதிச் செய்த செயலன்று.

அங்ஙனமாயின் பேசியவர் முற்றும் குற்றமற்றவரா? அவ்வளவு எளிதில் முடித்துவிடலாகாது. அறிந்து செய்தல், அறியாது செய்தல், தீவிர பாவம், மந்த பாவம் இவற்றிற்கேற்ப வினையூற்று வேறுபடும் என்கிறது தத்துவார்த்த சூத்திரத்தின் 6ஆம் அத்தியாயம். வேறுபடும் என்றதேயன்றி இல்லை என்னவில்லை. உறக்கமே 15 பிரமாதங்களுள் ஒன்றன்றோ! இரவில் நேர்ந்த குற்றங்களுக்கென முனிவர்க்கு இராத்திரிகப் பிரதிக்கிரமணம் விதிக்கப்பட்டிருப்பதும் கருதத்தக்கது.

ஆனால் உள்ளே இருப்பதே வெளிவருகிறது என்பது உறுதியன்று. பிரான்சு நாட்டில், பெரும்பாலும் உறக்கக் கோளாறுடையோரான 232 பேரை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவின்படி, உறக்கப் பேச்சில் மிகுதியாக வந்தது "இல்லை" என மறுக்கும் சொல்லே. வசைமொழிகளும் வந்தன. கனவில் எவரையோ விலக்கும் சொல்லை, அருகிற் படுத்தவர் தமக்கென எடுத்துக்கொள்வது என்ன நியாயம்?

கேட்டவரோ விழித்திருக்கிறார், அவர் செய்வது அறிந்த செயல். அச்சொல்லை நெஞ்சில் வைத்து வளர்த்தால் கஷாயம் அவருடையது. அயல்வீட்டில் சொன்னால் அவ்வினையும் அவருடையதே. சிலர் உறங்குபவரிடம் வினா எழுப்பி மறைபொருளை வாங்க முயல்வதுண்டு. விளையாட்டென்பர், நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. கொடாததைக் கொள்ளல் களவு என்பது சூத்திரம். பொருளைக் குறித்துச் சொன்னதே எனினும், விழித்திருக்கையில் ஒருவர் தர விரும்பாத இரகசியத்தை உறக்கத்திற் பறிப்பதை வேறெப்பெயரால் அழைப்பது?

மற்றொன்றும் சொல்லவேண்டும். முதியவர் உறக்கத்திற் கூவுவதோடு கைகால்களையும் வீசியடிப்பாராயின், அது பார்க்கின்சன் போன்ற நரம்பு நோயின் முன்குறியாகவும் இருக்கலாம். வசைக்குக் கணக்கு வைத்திருக்கும் மருமகளே அதனை முதலில் அறியக்கூடியவர். அவரே நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் வேண்டியவர்.