"வரை" என்னும் சொல்

"நொடிக்கு 1000 மெகாபிட் வரை" என்று இணைய விளம்பரம் உரைக்கிறது. புக்கிட் பாஞ்சாங்கின் அடுக்குமாடி வீடொன்றில், எல்லாரும் இணையத்தை நாடும் இரவு வேளையில், மாணவன் காணும் பாடக் காணொளி இடையிடையே நின்றுவிடலாம். அப்படியாயின் விளம்பரம் பொய்யா? அன்று என்பர், "வரை" என்னும் சொல் அதற்கு அரணாக நிற்கிறது.

ஒரே தடத்தைப் பலர் பகிர்வதாலும், கம்பியில்லா அலைகளைச் சுவர்கள் தடுப்பதாலும் வேகம் குறைதல் இயல்பே, அது குற்றமன்று. அதனை நன்கறிந்தவர் மிகப் பெரிய எண்ணை மட்டும் காட்டுவதே ஆராயத்தக்கது.

சிங்கப்பூரில் அந்நாளைய தகவல்தொடர்பு மேம்பாட்டு ஆணையம், வழக்கமாகக் கிடைக்கும் வேகத்தையும் நிறுவனங்கள் 2012 ஏப்ரல் முதல் வெளியிட வேண்டுமென விதித்தது. பிரிட்டனில், பத்தில் ஒரு வாடிக்கையாளர் பெறும் வேகத்தையே விளம்பரப்படுத்தலாம் என்றிருந்த நிலை 2018 மே மாதத்தில் மாறியது. நெரிசல் வேளையில் பாதிப் பேரேனும் பெறும் வேகமே கூறப்படல் வேண்டும் என்றாயிற்று.

பிறர்க்குத் தீங்கு விளைக்காமையைக் கொண்டே வள்ளுவர் வாய்மையை அளந்தார். அவ்வளவுகோலின்படி, சொல்லின் பொருள் அகராதியோடு முடிவதன்று. கேட்பவர் நெஞ்சில் எழும் பொருளுக்கும் சொன்னவரே பொறுப்பாவார். "வரை" என்பது எல்லையைக் குறிக்கும் நல்ல தமிழ்ச்சொல். அதனை மறைவிடமாக்குதல், வாங்குவோர்க்கு மட்டுமன்று, மொழிக்கும் இழைக்கும் தீங்காகும்.