கனவுக்கு யார் பொறுப்பு?

கனவில் செய்த தவற்றுக்கு மனிதன் விழித்தபின் நாணுவது ஏன்? குற்றம் தனதன்று என்று அறிவு கூறுகிறது. நெஞ்சமோ ஏற்க மறுக்கிறது.

ஒடுக்கப்பட்ட விருப்பமே உறக்கத்தில் மாறுவேடம் பூண்டு வருகிறது என்றார் வியன்னா மருத்துவர் சிக்மண்டு பிராய்டு. அவர்வழி நின்ற கிரீந்திரசேகர் போஸ் 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். அதே ஆண்டில்தான் அந்தமான் தீவினர் பற்றிய ராட்கிளிப்-பிரவுனின் நூலும் வெளிவந்தது. அதில் ‘ஓகோ-ஜுமு’ எனப்படுவோரைக் காண்கிறோம். கனவிலிருந்து பேசுவோர் என்பது அச்சொல்லின் பொருள். நாம் வந்து குடியேறிய இம்மண்ணின் மூத்த குடியினர் கனவை மறைக்கவில்லை. அதனை உரைப்போரை மதித்துப் போற்றினர்.

நம் கண்ணகியும் மறைத்தாளல்லள். தான் கண்ட தீக்கனாவைத் தேவந்தியிடம் உரைத்தாள். அவள் கூறிய பரிகாரத்தை மறுத்தாள். கணவன் அழைத்தபோது மதுரைக்கு நடந்தாள். கனவு அவளை இழுத்துச் செல்லவில்லை, விழிப்பில் தானே துணிந்தாள் என்றே நான் கொள்வேன்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையைக் கண்ட தந்தை ஒருவரை எண்ணிப் பாருங்கள். கரைக்கு ஓடிய மகனை அளவு மீறி அடிக்கிறார். கீழ்ப்படியாமைக்கே தண்டனை என்பது அவர் நினைப்பு. கையை ஓங்கச் செய்வதோ அந்த அலை. அச்சம் அவர் தேர்ந்ததன்று. ஆதலின் அதற்காக அவரைப் பழித்தல் தகாது. ஆயினும் அடி வாங்கியவன் மகன். அடித்த கை தந்தையினுடையது. இரவில் தம்மை எழுப்பும் கனவை அவர் ஒருநாள் மகனிடம் வாய்விட்டுச் சொல்வாராயின், மறுமுறை அக்கை சற்றே தயங்கும்.