தொண்டை கிழியட்டும், நெஞ்சு கிழிய வேண்டாம்

பெங்களூருவில் பிழைக்க வந்த தம்பி, தங்கச்சி, உன்னிடம்தான் பேசுகிறேன். பி.டி.எம். லேஅவுட்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ மூன்று கட்டில் போட்ட ஒரு பி.ஜி. அறையில் கூரையைப் பார்த்துப் படுத்திருக்கிறாய். அப்பாவின் பெல்ட் அடியோ, சின்ன வயதில் சொந்தக்காரன் ஒருவன் செய்த அக்கிரமமோ, சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போன நண்பனோ, ஏதோ ஒன்று உனக்குள் கிடந்து உறுத்துகிறது. ஊரிலிருந்து போன் வந்தால், "நல்லா இருக்கேம்மா" என்கிறாய். மேனேஜர் கேட்டால், "ஒண்ணுமில்ல சார்" என்கிறாய். இன்னும் எத்தனை வருஷத்துக்கு இந்தப் பதில்?

அடக்கிக்கொள், மறந்துவிடு, நடந்தது நடந்துபோச்சு என்று ஊரே உனக்குச் சொல்லியிருக்கும். நான் சொல்கிறேன்: அடக்காதே! வெளியே எடுத்துப் போடு. சத்தமாகவே போடு. அதற்கு இந்த நகரத்தில் ஒரு கதவு பல வருஷங்களாகத் திறந்தே இருக்கிறது. ராக் இசை.

"அதெல்லாம் காட்டுக் கத்தல்" என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் நம்மூர் இழவு வீட்டை மறந்துவிட்டார்கள். வாசலில் பறை அதிர, உள்ளே பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பிடித்துக்கொள்ள, மாரில் அடித்துக்கொண்டு பாடுவார்களே, அது என்ன? செத்தவரைப் புகழ்வதோடு திட்டவும் செய்வார்கள். புருஷன் வீட்டில் பட்டது, பொறந்த வீட்டில் கிடைக்காதது எல்லாம் அந்தப் பாட்டுக்குள் வந்து விழும். அந்த உரிமையை அடுக்குமாடிக் குடியிருப்பு நம்மிடமிருந்து பறித்துவிட்டது. இங்கே ஓங்கி அழுதால் செக்யூரிட்டி மேலே ஏறி வருவார். ஒப்பாரிக்கு இடமில்லாத ஊரில் ஒரு கிட்டாரும் ஒரு டிரம்ஸும் அந்த இடத்தை மீட்டுத் தருமானால், நான் அதைக் கும்பிட்டு வாங்கிக்கொள்வேன்.

பெங்களூரு அரண்மனை மைதானத்தில் யார் யார் நின்று பாடினார்கள் என்று பார். 2002இல் ரோஜர் வாட்டர்ஸ். அவருடைய அப்பா 1944இல் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் செத்தபோது குழந்தைக்கு வயது ஐந்து மாதம். முகம் தெரியாத அந்த அப்பாவின் இழப்பையும் ஒரு செங்கல்லாக வைத்து 'தி வால்' ஆல்பத்தைக் கட்டினார் மகன். 2007 மார்ச் 17 அன்று அயர்ன் மெய்டன். 2011 அக்டோபர் 30 அன்று மெட்டாலிகா. அதன் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுக்கு 13 வயதில் பெற்றோர் பிரிந்தார்கள். 16 வயதில் அம்மா புற்றுநோயில் போனார். மருந்தே கூடாது என்கிற மத நம்பிக்கை அந்த வீட்டில். அம்மாவுக்கு வைத்தியம் நடக்கவில்லை. அந்தப் பையனின் கோபம் எவ்வளவு இருந்திருக்கும்! 1991இலும் 1996இலும் அதைப் பாட்டாக்கி உலகத்தின் முன் வைத்தார். குடிப்பழக்கத்துக்காக 2001இல் மறுவாழ்வு மையத்துக்குப் போனார். 2019இல் மறுபடியும் போனார். இரண்டாம் தடவை போனதை மறைக்கவில்லை. கச்சேரிகளைத் தள்ளிவைத்துவிட்டு, காரணத்தை வெளியே சொன்னது அந்தக் குழு. விழுந்தவன் இன்னொரு தடவை விழுந்தேன் என்று சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று நினைத்துப் பார்.

கிட்டார்காரர் டோனி அயோமி கதைக்கு வருகிறேன். யாரிடமும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை நான். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். 17 வயசுப் பையன். தகடு வெட்டும் தொழிற்சாலையில் அன்றோடு வேலையை விட்டுவிட்டு இசைக்குழுவோடு கிளம்பவேண்டிய நாள். மதியம் வீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போகமாட்டேன் என்கிறான். "ஒழுங்கா வேலையை முடிச்சிட்டு வா" என்று அம்மா அனுப்புகிறார். போனவன் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியையும் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தான். அவன் இடதுகைக்காரன். தந்தியை அழுத்துகிற விரல்கள் அவை. இனி வாசிக்க முடியாது என்றார்கள்.

அவன் என்ன செய்தான்? பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருட்டினான். சூட்டுக்கோலால் துளை போட்டு, விரலில் மாட்டிப் பார்த்து, தேய்த்து, மறுபடி மாட்டிப் பார்த்தான். தந்தியில் வழுக்கியது. பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து துண்டு வெட்டி மேலே ஒட்டினான். கனமான தந்தி வலித்தது. பாஞ்சோவின் மெல்லிய தந்தியைக் கொண்டுவந்து கட்டினான். பிறகு தந்திகளைத் தளர்த்திச் சுருதியையே இறக்கினான். அந்த இறங்கிய சுருதியில் இன்னும் இருண்டு கனத்தது அவனுடைய பிளாக் சாபத் குழுவின் ஓசை. 1970இலேயே அந்தக் குழுவின் முதல் ஆல்பம் வந்திருந்தது. ஹெவி மெட்டல் என்று உலகம் இன்று கேட்பதன் வேர் அங்கே இருக்கிறது. காயம் ஆறட்டும், அப்புறம் வாசிக்கலாம் என்று அவன் காத்திருக்கவில்லை. போன நுனி திரும்ப வரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டு, அந்தக் குறைக்கு ஏற்றபடி கருவியை மாற்றினான். உனக்கு நடந்ததும் நடக்காமல் போகப்போவதில்லை. உன் சுருதியை நீதான் கட்டவேண்டும். கட்டு!

இந்த முரட்டு இசையைக் கேட்டால் வெறி ஏறாதா என்று பெற்றவர்கள் பயப்படுவார்கள். 2015இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். இந்த வகை இசையை விரும்பிக் கேட்கிற, 18 முதல் 34 வயது வரையிலான 39 பேர். கோபமூட்டிய நிகழ்ச்சிகளைப் பேசவைத்து முதலில் அவர்களைக் கொதிக்க வைத்தார்கள். பிறகு பாதிப் பேர் தங்களுக்குப் பிடித்த முரட்டு இசையைக் கேட்டார்கள். மீதிப் பேர் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். இசை கேட்டவர்களுக்குக் கோபம் ஏறவில்லை. சும்மா இருந்தவர்களுக்குத் தணிந்தது போலவே எரிச்சலும் பகையும் அவர்களுக்கும் தணிந்தன. கூடவே உற்சாகமும் வந்தது. 39 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் அந்தப் பாட்டில் கத்துவது உன் குரலாகவே கேட்டால், உனக்கு அது புதுச் செய்தியாக இருக்காது.

கேட்பதோடு நின்றுவிடாதே. வாசி! தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் குழு 1996இல் இந்த ஊரில்தான் பிறந்தது. கிரிப்டாஸ் 1998இல் இங்கிருந்து கிளம்பி ஜெர்மனியின் வாக்கன் விழா மேடை வரைக்கும் போனது. மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஜாம் ரூம்கள் இங்கே உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போ. சுவரெல்லாம் மேடும் பள்ளமுமாக நுரைப் பஞ்சு, காலுக்கடியில் கம்பளம், அதன்மேல் பாம்பு பாம்பாக ஒயர்கள். கேபிளைச் சொருகியதும் ஆம்ப் ஒரு தடவை உறுமும். கதவைச் சாத்தினால் வெளியுலகம் போச்சு. டிரம்ஸ்காரன் குச்சியோடு குச்சியைத் தட்டி நாலு எண்ணுவான். அதற்கப்புறம் உன் வலி தன் இஷ்டத்துக்கு ஓட முடியாது, தாளத்துக்குள் வந்தாகவேண்டும். இதுவரை அது உன்னை ஆட்டிவைத்தது. இப்போது எங்கே ஏறணும், எங்கே நிற்கணும் என்று அதற்கு நீ சொல்கிறாய். கூட நிற்கும் மூன்று பேரும் உன்னிடம் கேள்வி கேட்கமாட்டார்கள், புத்தி சொல்லமாட்டார்கள். நீ தப்பவிட்ட இடத்தில் தாங்கிப் பிடித்து அடுத்த அடிக்குக் கூட்டிப்போவார்கள்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் அது உனக்குச் செய்யும் துரோகம். லிங்கின் பார்க் குழுவின் செஸ்டர் பெனிங்டன், சின்ன வயதில் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை மறைக்காமல் பேசியவர். எத்தனையோ கோடிப் பிள்ளைகளுக்குத் துணையாக இருந்த குரல். 2017 ஜூலை 20 அன்று, 41 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். ராக் இசை உன்னைத் தைரியமாக வாய் திறக்கவைக்கும். ஆழமான காயத்துக்கு வைத்தியம் பார்ப்பது மருத்துவரின் வேலை. பப்பில் பாட்டோடு சேர்த்து ஊற்றிக்கொள்ளும் பீர் அந்த வேலையைச் செய்யாது. ஹெட்ஃபீல்டைக் கேட்டுப் பார். டில்லியின் பிளடிவுட் குழுவுக்கு இது தெரிந்திருந்தது. மனச்சோர்வோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்காக 'ஜீ வீரே' பாட்டை வெளியிட்டபோதே, ரசிகர்களுக்கு இலவச மனநல ஆலோசனைக்கும் ஏற்பாடு செய்தார்கள்.

உனக்கு அந்த உதவி இன்னும் பக்கம். ஓசூர் ரோட்டில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கடக்கிறாயே, அந்த நிம்ஹான்ஸ், நாட்டின் தலைசிறந்த மனநல நிறுவனம். அந்தப் பக்கம் போனாலே பைத்தியம் என்பார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. விரல் அறுந்தவன் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் யாரும் சிரிப்பதில்லை. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416. டெலி மானஸ், 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய அரசுச் சேவை. இரவு, பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். "நல்லா இருக்கேன்" என்று ஆரம்பிக்காதே. "நான் நல்லா இல்ல" என்று ஆரம்பி.

இன்றைக்கே போன் செய். சனிக்கிழமைக்கு ஜாம் ரூமைப் பதிவு செய். கிட்டார் தெரியாதென்றால் மைக்கைப் பிடி. பாடத் தெரியாதென்றால் கத்து. குரல் கம்மிப்போனால் வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி நாலு எண்ணச் சொல்.