பழப்பெட்டி அலமாரியாகும்போது: காரண காரியம் பற்றி

காரியம் தோன்றுவதற்கு முன் அது தன் காரணத்தில் உள்ளதா, இல்லையா என்ற கேள்வியில் இந்தியத் தத்துவ மரபுகள் பிரிந்து நிற்கின்றன. உண்டு என்பது சற்காரியவாதம். இல்லை, காரியம் புதிதாகவே தோன்றுகிறது என்பது அசற்காரியவாதம். பழைய நூல்கள் இதற்குக் குடத்தையும் ஆடையையும் எடுத்துக்காட்டாகத் தருகின்றன. வாடகை வீடுகளில் காலிப் பழப்பெட்டியைச் சுவர் அலமாரியாக்கும் இக்கால வழக்கம் அதே கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. குயவன் கையில் எடுக்கும் மண் உருவமற்ற பொருள். பெட்டியோ முன்பே பெயரும் பயனும் பெற்ற முழுப் பண்டம்.

பெட்டியை இரு முறைகளில் அலமாரியாக்கலாம். முதல் முறையில் அது பிரிக்கப்படுவதில்லை. மூடியில்லாத பெட்டியைச் சிலாம்பு போக உப்புத்தாளால் தேய்த்து, பக்கவாட்டில் சாய்த்துச் சுவரில் மாட்டினால் போதும். அடிப்பலகை முதுகாகிறது; நீளப் பக்கங்கள் இரண்டும் மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஆகின்றன. இரண்டாம் முறையில் ஆணிகளைப் பிடுங்கி, பலகைகளைத் தனித்தனியே எடுத்து, வேண்டிய அளவுக்கு அறுத்து, வேறு அமைப்பில் திருகாணியால் இணைக்கிறார்கள். காரண காரியக் கேள்விக்கு இந்த வேறுபாடு முக்கியமானது.

நியாய மரபினரான நையாயிகர்கள் அசற்காரியவாதிகள். உறுப்புகள் வேறு, அவை கூடியதால் தோன்றும் முழுமையாகிய அவயவி வேறு என்பது அவர்கள் கொள்கை. பலகைகள் சமவாயி காரணம்; பலகைகளின் சேர்க்கை அசமவாயி காரணம்; செய்பவரும் கருவிகளும் நிமித்த காரணம். அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகம் கூறும் இப்பாகுபாட்டைப் பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழில் தந்தார். இதன்படி, பெட்டியைப் பிரித்ததும் பழைய அவயவி அழிகிறது. பலகைகள் மீண்டும் சேர்ந்ததும் முன் இல்லாத அவயவி பிறக்கிறது. இரண்டாம் முறைக்கு இவ்விளக்கம் நன்றாகப் பொருந்துகிறது. முதல் முறையில்தான் சிக்கல். பலகைகளின் சேர்க்கை மாறவில்லை; பெட்டிக்கும் சுவருக்கும் இடையே ஒரு சேர்க்கை கூடியது, அவ்வளவே. எனவே நியாயத்தின்படி அங்கே புதிய அவயவி தோன்றவில்லை. பழைய பெட்டியே வேறு பயனுக்கு வந்திருக்கிறது.

சாங்கியமும் சைவ சித்தாந்தமும் சற்காரியத்தை ஏற்பவை. ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை அதற்கு ஐந்து காரணங்களைச் சொல்கிறது. இல்லாதது உண்டாக்கப்படுவதில்லை, ஒன்றைச் செய்ய அதற்குரிய முதற்பொருளையே தேடுகிறோம், எதிலிருந்தும் எல்லாமும் தோன்றுவதில்லை, ஆற்றல் உள்ளது தனக்கு இயன்றதையே தரும், காரியம் காரணத்தின் இயல்பையே உடையது. அலமாரி செய்பவர் இவற்றைக் கைப்பழக்கத்தில் அறிவார். காஷ்மீர் ஆப்பிள் பெட்டிகளில் உள்ளதுபோன்ற மெல்லிய பாப்லர் பலகை மசாலா டப்பாக்களைத் தாங்கும். தடித்த புத்தகங்களை அடுக்கினால் நடுவில் வளையும். அடியில் ஒரு ரீப்பர் கட்டை வைத்தால் நிமிர்ந்து நிற்கும், ஆனால் அந்த வலிமை ரீப்பரிலிருந்து வந்தது. எந்தக் காரணத்திலும் இல்லாத வலிமையைக் கைத்திறன் படைப்பதில்லை.

அலமாரி பெட்டியில் முன்பே இருந்தால் ரம்பமும் திருகாணியும் எதற்கு என்பது நையாயிகரின் தடை. காரியம் காரணத்தில் வெளிப்படாமல் சூக்குமமாக உள்ளது, செயல் அதை வெளிப்படுத்துகிறது என்பது சற்காரியவாதியின் விடை. அந்த வெளிப்பாடு முன்பே இருந்ததா, புதிதா என்று தடை மீண்டும் எழும். முன்பே இருந்தது என்றால் செயல் வீண். புதிது என்றால் அசற்காரியம் உள்ளே நுழைகிறது. இரு தரப்பும் நெடுங்காலம் வாதிட்ட இடம் இது.

பௌத்தம் வேறு வழியில் செல்கிறது. மிலிந்த பஞ்ஹா என்னும் நூலில் துறவி நாகசேனர் தேரை எடுத்துக்கொண்டு, அச்சும் சக்கரமும் நுகமும் சேர்ந்த இடத்தில் வழங்கும் பெயரே தேர் என்று விளக்குகிறார். முதல் முறை அலமாரிக்கு இது மிக நெருங்கிய விளக்கம். சாய்த்து மாட்டியதும் மாறியது பெரும்பாலும் வழக்குப் பெயர்தான். அத்வைதமோ சாந்தோக்கிய உபநிடதத்தின் மண் உவமையைப் பின்பற்றி, பெட்டியும் அலமாரியும் பெயர் வேறுபாடு, மரமே உண்மை என்னும். முடிவில் மரமும் பிரம்மத்தின் தோற்றமாக எஞ்சும்.

சைவ சித்தாந்தம் இக்கேள்வியைப் பொருளோடு நிறுத்தாமல் உடைமைக்கும் கொண்டுசெல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம், உலகம் எதில் ஒடுங்கியதோ அதிலிருந்தே மீண்டும் தோன்றும் என்கிறது. உலகுக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம். உடம்பு, கருவிகள், உலகு, நுகர்பொருள் என்னும் தனு கரண புவன போகங்கள் உயிருக்கு மாயையிலிருந்து தரப்படுகின்றன. உயிர் அவற்றைப் பயன்படுத்துகிறது. படைத்ததும் இல்லை, நிலையாக வைத்துக்கொள்வதும் இல்லை. அலமாரி செய்தவரின் நிலையும் இதுவே. மரத்தை அவர் உண்டாக்கவில்லை, முதலில் பெட்டி செய்தவரும் வேறொருவர், சுவர் வீட்டுக்காரருடையது. அவருடையது பொருளறிவும் உழைப்பும்.

இதனால் உழைப்பின் மதிப்பு குறைவதில்லை. நிமித்த காரணம் இன்றி மண் குடமாகாது, பெட்டி அலமாரியாகாது. ஆனால் நிமித்த காரணமாக இருப்பது முழு உரிமை தருவதில்லை. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவும் ஏறக்குறைய இதே எல்லையை வகுக்கிறது. மாறான ஒப்பந்தமோ வழக்கமோ இல்லாதபோது, குடியிருப்பவர் தாம் பொருத்தியவற்றை இடம் தம் வசம் இருக்கும்வரை கழற்றிச் செல்லலாம். வீட்டை மட்டும் தாம் பெற்ற நிலையிலேயே விட்டுச் செல்ல வேண்டும். அலமாரி அவரோடு போகும். ஆணித் துளைகளை அடைத்துக் கொடுப்பது அவர் கடமை.